சுய சான்று முறையில் வீடு கட்ட அனுமதி: கயிறு பிடித்து அளப்பதிலிருந்து கரண்ட் வாங்குவது வரை

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தமிழக அரசு சுய சான்று முறைக்கு வைத்திருக்கும் மனை வரம்பு 2,500 சதுர அடி. ஆக, கிரவுண்டு மனை வாங்கியவர் அளவில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் உள்ளே வந்துவிடுவார். மாநிலத்தில் சொந்த வீடு கட்டும் நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானோர் வாங்குவது அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு, மிஞ்சினால் ஒரு கிரவுண்டு.

2024 ஜூலை 22 அன்று நடைமுறைக்கு வந்த இந்த முறையில், விவரம் எல்லாம் உண்மை என்று நீங்களே உறுதி கொடுத்து, இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அனுமதி உடனே கையில் கிடைக்கும். இன்ஸ்பெக்டர் எப்போது வருவார், பைல் எந்த மேசையில் கிடக்கிறது என்ற அலைச்சல் இல்லை. இதற்கென்று தனியாகப் புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன்கீழ் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்தான் அடிப்படை. தெலங்கானா இதையே 2020-ல் தனிச் சட்டமாகக் கொண்டுவந்தது. அங்கே 75 சதுர கஜம் வரையுள்ள மனைக்கு அனுமதியே வேண்டாம், பதிவு மட்டும் போதும். 600 சதுர கஜம் வரை சுய சான்று. பொய் சொன்னது தெரிந்தால் நோட்டீஸ் கொடுக்காமலே இடிக்கலாம் என்றும் அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.

வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிகாரி சரிபார்ப்பதை நிறுத்தினார் என்பதால் சரிபார்க்கும் வேலை இல்லாமல் போகவில்லை, உங்கள் தலைக்கு மாறியிருக்கிறது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் போர்ட்டலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவையாக இருப்பது அதனால்தான்.

முதலில், நீங்கள் இந்தக் கணக்கில் வருகிறீர்களா?

முறை தொடங்கியபோது வைத்த வரம்புகள் இவை. மனை 2,500 சதுர அடிக்குள். கட்டடப் பரப்பு எல்லாத் தளமும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள். தரைத்தளம் மட்டும், அல்லது தரைத்தளமும் முதல் தளமும். உயரம் 7 மீட்டருக்குள். குடியிருப்பாக மட்டும் இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். "கீழே ஒரு சின்ன கடை, மேலே நாங்க இருந்துக்கிறோம்" என்பது நம் ஊரில் சகஜம். ஆனால் ஒரு ஷட்டர் வைத்தாலும் அது கலப்புப் பயன்பாடு, சாதாரண வழியில்தான் போக வேண்டும். வரைபடத்தில் 'கார் நிறுத்துமிடம்' என்று எழுதிவிட்டுப் பிறகு மளிகைக்கடை வைக்கலாம் என்று மேஸ்திரி யோசனை சொல்வார். மாட்டினால் பதில் சொல்லப் போவது மேஸ்திரி இல்லை.

3,500 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையைப் போல் இரண்டு மடங்கு வரைதான் கட்டலாம். 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி, அதில் 2,400-தான் உச்சம். மனை 1,750 சதுர அடியைத் தொட்டால்தான் 3,500 என்ற வரம்புக்கே வேலை வருகிறது. அதிலும் செட்பேக் (மனையின் எல்லையை ஒட்டிக் கட்டாமல் காலியாக விட வேண்டிய இடம்) விட்ட பிறகு இரண்டு தளத்தில் இரண்டு மடங்கு எடுக்கவே முடியாது. நடைமுறையில் உங்களைக் கட்டுப்படுத்துவது செட்பேக்தான்.

மனை எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் அருகில் இருந்தால் முதல் 100 மீட்டரில் புதிதாகக் கட்டவே தடை. அதற்கடுத்த 200 மீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். தஞ்சாவூர், காஞ்சிபுரம், மாமல்லபுரம் பக்கத்தில் மனை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்தே வைத்திருப்பார்கள். மலைப்பகுதி, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதி, விமான நிலையச் சுற்றுப்புறம், ரயில் பாதை ஓரம், ஏரி குளத்தை ஒட்டிய இடம் ஆகியவற்றுக்கும் சம்பந்தப்பட்ட துறையின் தடையில்லாச் சான்றை முதலில் முடித்துவிட்டுத்தான் எந்த வழி என்று யோசிக்க வேண்டும்.

காகிதம்

நான்கு காகிதங்களை ஒரே மேசையில் பரப்பி வையுங்கள்: கிரயப் பத்திரம், பட்டா (நகரமாக இருந்தால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல்), வில்லங்கச் சான்று, லே-அவுட் அனுமதி அல்லது மனை வரன்முறை ஆணை (அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்தித் தரும் ஆணை). பட்டாவை அரசின் இ-சேவைத் தளத்திலும் வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்திலும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நான்கிலும் பெயரும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் என்றால் இன்ஷியல் வரைக்கும். பத்திரம் மகன் பெயரில், பட்டா இறந்துபோன அப்பா பெயரில் என்றால் முதல் வேலை பட்டா மாற்றம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது நல்லது. பங்காளிகள் இன்று சுமுகமாக இருக்கலாம். கான்கிரீட் போட்ட பிறகு எல்லாரும் அப்படியே இருப்பார்கள் என்று நினைத்துக் கட்டடம் எழுப்ப முடியாது.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. பத்திரம் சதுர அடியில் பேசும், பட்டா ஹெக்டேர்-ஏரில் பேசும். பட்டாவில் '0 - 02.25' என்று இருந்தால் அது 2.25 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 225 சதுர மீட்டர், ஏறக்குறைய 2,422 சதுர அடி, வரம்புக்குள் வருகிறது. '0 - 02.50' என்றால் 250 சதுர மீட்டர், அதாவது 2,691 சதுர அடி, வரம்பைத் தாண்டிவிட்டது. பத்திரத்தில் 2,480 சதுர அடி என்று எழுதியிருந்தாலும் பட்டா இப்படிச் சொல்லும்போது சுய சான்றில் போவதை நான் ஏற்க மாட்டேன். 2,500 சதுர அடி என்பது 232 சதுர மீட்டரும் சொச்சமும், பட்டாவில் 2.32 ஏர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனை பெரிதாக இருக்கிறதே, இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு இரண்டு சுய சான்று போட்டால் என்ன என்று கேட்பார்கள். மனையைப் பிரிப்பதற்கே முறையான அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத துண்டு, அங்கீகாரம் இல்லாத மனைதான்.

அங்கீகாரம் இல்லாத மனை என்றதும் 2016 அக்டோபர் 20 என்ற தேதி ஞாபகத்துக்கு வர வேண்டும். அதற்கு முன் பதிவாகி விற்பனையான மனைகளுக்காகத்தான் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனை அந்த வகை என்றால் வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்று பாருங்கள். "அப்ளை பண்ணியாச்சு சார்" என்று விற்றவர் காட்டும் ரசீது ஆணை ஆகாது.

கயிறு பிடித்து அளந்து பாருங்கள்

எல்லாப் படியிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பத்திரத்தில் இருந்த 30-க்கு 40 என்ற அளவை அப்படியே வரைபடமாக்கிப் பணமும் கட்டி அனுமதி வாங்கிவிட்டது. எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. வாணம் தோண்ட மார்க்கிங் போடும் நாளில் கயிறு கட்டினால் அகலம் 28½ அடிதான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷத்துக்கு முன்னால் எழுப்பிய காம்பவுண்டுச் சுவர் ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறது. வரைபடத்தில் பக்கவாட்டில் விட்டிருந்த இடத்தை அந்தச் சுவரே தின்றுவிட்டது. பழைய முறையில் இடம் பார்க்க வந்தவர் டேப் பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். இப்போது நிறுத்த யாரும் இல்லை, அனுமதி செல்லும் என்றே காகிதம் சொல்கிறது. ஆனால் அந்த வரைபடப்படி அந்த மண்ணில் கட்ட முடியாது. சர்வேயரை வரவழைத்து, பேசித் தீர்த்து, வரைபடத்தைத் திருத்த ஆன காலத்தில் பழைய முறையிலேயே அனுமதி வந்திருக்கும்.

எனவே புலப்பட (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) நகல் எடுங்கள். நில அளவைக்கு முறைப்படி பணம் கட்டி அரசு சர்வேயரை வரவழையுங்கள், அல்லது உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் ஊன்றுங்கள். நான்கு பக்கம் அளந்தால் போதாது, இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். 30-க்கு 40 சரியான செவ்வகம் என்றால் மூலைவிட்டம் இரண்டும் 50 அடி வரும். ஒன்று 50½, மற்றொன்று 49½ என்று வந்தால் மனை கோணல். எதிரே இருக்கும் சாலையின் அகலத்தையும் அதே நாளில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், முன்பக்க செட்பேக் அதை வைத்துத்தான் முடிவாகிறது. பத்திரம், பட்டா, கயிறு மூன்றும் மூன்று அளவு சொன்னால், எது குறைவோ அதைப் பிடித்து வரையச் சொல்லுங்கள். ஆறு அங்குலம் இழப்பது, வழக்கில் சிக்குவதைவிடச் சல்லிசு.

வரைபடம்

சுய சான்று என்பதால் யார் வரைந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். பதிவு பெற்ற பொறியாளரிடம் கொடுங்கள். போர்ட்டல் உங்கள் கம்பி அளவையோ மண்ணின் தாங்குதிறனையோ பார்க்கப் போவதில்லை.

செட்பேக் மூன்று விஷயத்தை வைத்து மாறும்: முன்னால் சாலை அகலம், பக்கவாட்டில் மனையின் அகலம், பிறகு கட்டடத்தின் உயரம். விதிப் புத்தகத்தில் அட்டவணையாகவே இருக்கிறது. பொறியாளரிடம் "எந்த வரியைப் பிடித்து வரைந்தீர்கள்?" என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரிடம் அடுத்த கேள்வியே வேண்டாம்.

உயரத்தில் 7 மீட்டர் என்பது 22 அடி 11½ அங்குலம். இதைப் பிரித்துப் பாருங்கள். சாலை மட்டத்திலிருந்து பேஸ்மென்ட் 2 அடி, ஒவ்வொரு தளமும் ஸ்லாப் உட்பட 10 அடி என்றால் மொத்தம் 22, கச்சிதம். ஆனால் மழைத்தண்ணீர் வருகிறது என்று பேஸ்மென்ட்டை 3 அடியாக்கி, காற்றோட்டத்துக்காகத் தளத்தை 10½ அடியாக்கினால் 24 அடி, வரம்பு தாண்டிவிடும். இந்த இரண்டு ஆசையும் சைட்டில் கொத்தனாரோடு நின்று பேசும்போது திடீரென்று வருபவை. வரைபடம் போடும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். குழி எங்கே என்று வரைபடத்தில் காட்டினால் போதாது, தோண்டவும் வேண்டும். பால்கனியும் சன்ஷேடும் செட்பேக் இடத்துக்குள் எவ்வளவு நீளலாம் என்பதற்கும் விதியில் அளவு உண்டு. தகராறு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தால் கண்ணில் படுவது உங்கள் சன்ஷேடுதான்.

போர்ட்டல்

இது சின்ன வேலை. திட்ட அனுமதிக்கான ஒற்றைச் சாளரத் தளத்தில் செல்பேசி எண்ணை வைத்துப் பதிவு செய்து, சுய சான்று என்ற பிரிவைத் தேர்ந்து, மாவட்டம், உள்ளாட்சி, சர்வே எண், மனை அளவு, கட்டடப் பரப்பு ஆகியவற்றை நிரப்ப வேண்டும். பத்திரம், பட்டா, மனையின் புகைப்படம், வரைபடம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சதுர அடிக் கணக்கில் ஒரே கட்டணமாகத் திரையில் வரும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று ஒவ்வொன்றுக்கும் அது வேறுபடும். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இந்த முறையில் கிடையாது. மொத்தத்தில் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செல்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் எண்ணையோ புரோக்கர் எண்ணையோ கொடுத்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டு கேட்டு அவர் பின்னால் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, உறுதிமொழிப் பகுதியில் டிக் அடிப்பதற்கு முன் அதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் கொடுத்த விவரம் அனைத்தும் உண்மை, பொய்யானால் அனுமதி செல்லாது என்று ஒப்புக்கொள்கிறீர்கள். உங்களுக்காக வேறொருவர் உட்கார்ந்து டிக் அடித்தாலும் ஒப்புக்கொண்டவர் நீங்கள்தான்.

வேலை நடக்கும்போது

அனுமதி ஆணையையும் வரைபடத்தையும் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து சைட்டிலேயே வையுங்கள். அதிகாரிகள் பின்னால் வந்து பார்க்கும் உரிமை எங்கும் போய்விடவில்லை. அனுமதிக்கு மாறாகக் கட்டினால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும், பூட்டி சீல் வைக்கவும், இடிக்கச் சொல்லவும் முடியும். அநேகமாக ஒரு புகார் மனுதான் அவர்களை வரவழைக்கும்.

கட்டுமானத்துக்குத் தற்காலிக மின் இணைப்புத் தனியாக வாங்குங்கள். பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டின் வீட்டு உபயோக லைனிலிருந்து ஒயர் இழுத்து மிக்ஸரும் மோட்டாரும் ஓட்டுவது ஊர் வழக்கம், ஆனால் மின்வாரியப் பறக்கும் படை பிடித்தால் வீட்டு உபயோகக் கட்டணத்துக்கும் தற்காலிகக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அபராதத்தோடு கட்ட நேரும்.

நடுவில் திட்டம் மாறினால், ஓர் அறை கூடுகிறது, மாடிப்படி வெளியே போகிறது என்றால், கட்டுவதற்கு முன் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்குங்கள். வங்கிக் கடன் எடுத்திருந்தால் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு தவணைக்கும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுற்றிப் பார்ப்பார்.

முடிந்த பிறகு

சுய சான்று வீட்டுக்குப் பணிநிறைவுச் சான்று தேவையில்லை. சாதாரண வழியில் போகும் கட்டடங்களிலும் 2024 மார்ச்சில் ஒரு சலுகை வந்தது: 14 மீட்டர் உயரத்துக்குள், 8 குடியிருப்புகளுக்குள், 750 சதுர மீட்டருக்குள் உள்ள குடியிருப்புக் கட்டடங்களுக்கும் அந்தச் சான்று வேண்டாம். பணிநிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரமோ குடிநீரோ கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, "எங்களுக்குமா?" என்று பலர் பதறினார்கள். விதியே விலக்கு கொடுத்திருக்கும் வகையில் நீங்கள் இருந்தால், அனுமதி ஆணையின் நகலை இணைத்து, எந்த விதியின்கீழ் விலக்கு என்பதை விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கவுன்டரில் நின்று வாதாடுவதைவிட அது வேகமாக வேலை செய்யும்.

தற்காலிக இணைப்பை வீட்டு உபயோகக் கட்டணத்துக்கு மாற்றினால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கணக்கில் வரும், தள்ளிப்போடாதீர்கள். சொத்து வரிக்குக் கட்டடப் பரப்பை அறிவிக்கும்போது அனுமதியில் உள்ள எண்ணையே கொடுங்கள். வரியைக் குறைக்க அங்கே 1,400, அனுமதியில் 1,900 என்று இருந்தால், பிற்பாடு வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

சுய சான்றில் வராதவர்களுக்கு

அதே ஒற்றைச் சாளரத் தளம்தான், ஆனால் சாதாரண விண்ணப்பம். 10,000 சதுர அடி, 8 குடியிருப்பு வரையிலான வீடுகளுக்கும் 2,000 சதுர அடி வரையிலான வணிகக் கட்டடங்களுக்கும் உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். அதற்கு மேல் சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம். விற்பதற்காகக் கட்டும்போது மனைப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் 8-க்கு மேல் போனாலோ ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும். இந்த வழியிலும் பைல் திரும்பி வரும் காரணங்கள் மேலே சொன்ன அதே பெயர், அளவு, சாலை அகலம்தான்.

வீடு இல்லை, தொழில் என்றால்

பட்டறையோ சிறு தொழிற்கூடமோ தொடங்குபவர்களுக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. 2017-ல் அவசரச் சட்டமாக வந்து 2018-ல் சட்டமான தமிழ்நாடு தொழில் எளிதாக்குதல் சட்டம். கட்டட அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தீயணைப்புத் துறைச் சான்று, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் என்று விதிகளில் வரையறுத்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மாவட்டத் தொழில் மையம் தொடர்பு அலுவலகம். பெரிய முதலீடுகளுக்கு, 1992-ல் தொடங்கப்பட்ட, தமிழக அரசின் முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பான 'கைடன்ஸ்'. தெலங்கானா 2014-லேயே பெரும் திட்டங்களுக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் என்று சட்டம் போட்டிருந்தது.

நாள் கணக்கு எப்போது ஓடத் தொடங்கும் என்பதில்தான் சூட்சுமம். விண்ணப்பம் முழுமையாக இருக்கும் நாளிலிருந்துதான் கணக்கு. ஒரு காகிதம் குறைந்தால் "குறை நிவர்த்தி செய்க" என்று திரும்பும், கடிகாரம் நின்றுவிடும். எனவே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை நேரில் போய், உங்கள் தொழிலுக்கு எந்தெந்த இசைவு வேண்டும் என்று பட்டியல் எழுதி வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்ற நிறப் பட்டியலில் எதில் வருகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை என்றால் இசைவே வேண்டாம், தெரிவித்தால் போதும். சிவப்பு என்றால் இடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை குறை கேட்டு வரும்போதும் அந்தத் திரையைத் தேதியோடு படம் எடுத்து, நீங்கள் பதில் ஏற்றிய ரசீதையும் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குப் போகும் நிலை வந்தால், எத்தனை நாள் யாரிடம் இருந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது அந்தப் படங்கள் மட்டும்தான்.